கண்டக்டர் எல்லப்பனின் ரைட்டுகள்

"ரைட்... ரைட்... போலாம் ரைட்!"

மூன்றாவது ரைட்டுக்குத்தான் பஸ் நகரும். முதல் ரைட், டீக்கடையில் இன்னும் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருப்பவருக்கு. இரண்டாவது, மூட்டையை உள்ளே ஏற்றிவிட்டுப் பிள்ளையைக் கீழே தேடிக்கொண்டிருக்கும் தாய்க்கு. மூன்றாவதுதான் டிரைவருக்கு. திருத்தணி பஸ் நிலையத்தில் எத்தனை வண்டிகள் உறுமிக்கொண்டு நின்றாலும் கண்டக்டர் எல்லப்பனின் குரல் அவற்றுக்கு மேலே தனியாகக் கேட்கும். கடைசி எழுத்தை ஆணி அடித்த மாதிரி அழுத்தி முடிப்பார்.

ஆள் குள்ளம். கூரைக் கம்பியைப் பிடிக்க நுனிக்காலில் நிற்கவேண்டும். அதனால் பிடிப்பதே இல்லை. திருத்தணியிலிருந்து அம்மையார்குப்பம் வரை, பள்ளத்திலும் மேட்டிலும், எதையும் பிடிக்காமல் நடந்துகொண்டே டிக்கெட் கிழிப்பார். எச்சில் தொட்டுக் கிழிக்கமாட்டார். தைல டப்பா மூடியில் ஈரப் பஞ்சு வைத்து அதைச் சட்டைப் பையில் செருகியிருப்பார். கேட்டால், "சாமி கும்பிட வந்தவங்களுக்கு எச்சி பண்ணியா குடுக்கிறது?" என்பார். முடி இறக்கிக்கொண்டு வருகிறவர்களுக்குத் தனிச் சட்டம். "மொட்டைங்கல்லாம் ஜன்னலோரமா குந்துங்க. சந்தனம் பக்கத்து ஆளு சட்டையில ஒட்டிக்குது, எங்கிட்ட சண்டைக்கு வராங்க." ஆந்திராப் பக்கத்து பக்தர்களிடம் இதையே தெலுங்கில் சொல்வார். அதில் மரியாதை கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் இந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில், இருந்தது. எட்டாவது வரை தெலுங்கில் படித்தார். ஊர் இந்தப் பக்கம் வந்த பிறகு, சினிமாச் சுவரொட்டிகளைப் பார்த்துத் தமிழ் எழுத்தைப் பழகிக்கொண்டார். இங்கிலீஷ் மட்டும் எந்தப் பக்கம் இருந்தபோதும் ஒட்டவில்லை. தினமும் வாய் ஓயாமல் சொல்லுகிற அந்த ஒரு சொல்கூட இங்கிலீஷ் என்று அவருக்குத் தோன்றியதில்லை. "மாட்டுக்கு ஹை, பஸ்ஸுக்கு ரைட்டு. அவ்ளோதான்னு நெனச்சிகினு இருந்தேன்" என்பார் இப்போது.

அந்த நினைப்பைக் கெடுத்தவர் டிரைவர் சாமிநாதன்.

பழைய டிரைவர் லாரிக்குப் போய்விட, அவர் இடத்துக்கு வந்தவர் சாமிநாதன். திருவாலங்காட்டுக்காரர். பட்டாளத்தில் பனிமலைப் பாதைகளில் லாரி ஓட்டி, ஓய்வு பெற்று வந்தவர். முறுக்கு மீசை, நிமிர்ந்த முதுகு. சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்யமாட்டார். முதல் நாள் காலையில் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எல்லப்பனைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு ரூட்டு புதுசு. நீ வாயால சொல்லு, நான் கையால செய்யறேன்."

"ஆங், நீ ஓட்டு, நான் பாத்துக்கறேன்" என்றார் எல்லப்பன்.

ஆர்.கே.பேட்டைக்கு முன்னால் ஒரு கூட்டுரோடு. நேரே போனால் பேட்டை. வலப்பக்கம், ஏரிக்கரையை ஒட்டி, செங்கல் சூளைக்குப் போகும் வண்டிப்பாதை. அங்கே இரண்டு பேர் இறங்கினார்கள். எல்லப்பன் கூட்டத்தின் நடுவில் இருந்தார். நூல் மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு, மூட்டைக்கு டிக்கெட் இல்லை என்று வாதாடிய நெசவாளி ஒருவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்தபடியே குரல் கொடுத்தார்: "ரைட்!"

பஸ் வலப்பக்கம் திரும்பியது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஜன்னல் வழியாகக் கருவேலங்கிளைகள் உள்ளே வந்து முகத்தில் அடித்தன. ஒரு கோழி அலறிக்கொண்டு ஓடியது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, சூளை மணலில் சக்கரம் புதைந்து நின்றது. செங்கல் அறுத்துக்கொண்டிருந்தவர்கள், தங்கள் இடத்துக்கு முதன்முறையாக வந்த பஸ்ஸை வாய் பிளந்து பார்த்தார்கள்.

எல்லப்பன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் ஓடினார். "யோவ், எங்கய்யா வந்துகினு இருக்கிற?"

சாமிநாதன் அசையவில்லை. "நீதான ரைட்டுன்ன?"

"ரைட்டுன்னா போன்னு அர்த்தம்யா!"

"ரைட்டுன்னா வலது. பட்டாளத்துல கர்னல் பக்கத்துல குந்திகினு ரைட்டுன்னா வலதுல திருப்புவேன், லெஃப்டுன்னா இடதுல திருப்புவேன். ஒருவாட்டிகூட தப்பாப் போனதில்ல."

"இது பஸ்ஸுய்யா. கர்னல் எங்க குந்திகினு இருக்கான் இங்க?"

பெண்கள் பக்கத்து இருக்கையில் குடையை மடியில் வைத்துக்கொண்டிருந்த சுலோச்சனா டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அரக்கோணத்திலிருந்து ரயிலில் திருத்தணிக்கு வந்து, அங்கிருந்து இந்த பஸ்ஸில் அம்மையார்குப்பம் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர். ரயில்வேக்காரர் மகள். பள்ளியில் இங்கிலீஷ் பாடம் எடுக்கிறார். "சண்டை போடாதீங்க. ரெண்டு பேர் சொல்றதும் ரைட்டுதாங்க" என்றார்.

பஸ்ஸே சிரித்தது. எல்லப்பன் மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு டீச்சரையே பார்த்தார்.

"டீச்சர், இப்போ நீங்க சொன்னீங்களே, அது இன்னா ரைட்டு? அது போவறதும் இல்ல, வலதும் இல்லியே!"

எல்லோருமாக இறங்கி வண்டியைத் தள்ளினார்கள். சூளைக்காரர்களும் கை கொடுத்தார்கள். செம்மண் பூசிக்கொண்டு பேட்டை போய்ச் சேர்ந்தபோது நேரம் கண்டபடி கழிந்திருந்தது. வழியெல்லாம் எல்லப்பன் திட்டு வாங்கினார். ஒன்றும் காதில் விழவில்லை. மாலையில் டீச்சர் திரும்புகிற டிரிப்புக்காகக் காத்திருந்தார். அவர் ஏறி உட்கார்ந்ததும் டிக்கெட்டை நீட்டிக்கொண்டே கேட்டார்: "அந்த மூணாவது ரைட்டு?"

"சரின்னு அர்த்தம். கணக்குக்கு விடை சரியா இருந்தா ரைட். அதான் டிக் அடிக்கிறோம்."

"அப்போ இன்னும் இருக்குதா?"

"நிறைய இருக்குங்க."

"ஒரே நாள்ல குடுத்துடாதீங்க. தாங்காது. டிரிப்புக்கு ஒண்ணாக் குடுங்க."

அப்படித் தொடங்கியது. எல்லப்பன் எதையும் எழுதி வைத்துக்கொள்ளமாட்டார். பஸ்ஸில் ஏறிய முகங்களில் யார் எங்கே ஏறினார், எங்கே இறங்கவேண்டும் என்று ஞாபகம் வைத்துக்கொள்கிற தலை அது. அந்த முறையையே இதற்கும் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு ஸ்டாப்பிங். பஸ் நிலையத்தில் ரைட் என்றால் 'போ'. சூளைக் கூட்டுரோட்டில் 'வலது'. பள்ளிக்கூடத்து வாசலில் 'சரியான விடை'. போலீஸ் ஸ்டேஷன் முன்னால் 'நியாயம்'. அங்கே வண்டி நிற்காது, ஆனாலும் வேகம் குறையும். அம்மையார்குப்பத்தில் கூட்டுறவுச் சங்கத்துக்குப் புடவை கொண்டுபோகிறவர்கள் இறங்கும் இடத்தில் இன்னொன்று. புடவையின் நல்ல பக்கம், வெளியே தெரியவேண்டிய பக்கம், அதற்கும் ரைட் என்றுதான் பெயர் என்று டீச்சர் சொன்னதும் அவர் அடைந்த சந்தோஷம் சொல்லி முடியாது. மடித்த புடவையோடு இறங்கின ஒரு அம்மாளைப் பார்த்து, "ரைட்டு எது, உள்ளயா வெளியவா?" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மாள் முறைத்த முறைப்பில் வண்டி தானாகவே கிளம்பியது.

'ரைட் நௌ' என்பது 'இப்பவே' என்று தெரிந்த அன்று, அது கண்டக்டர்களுக்கென்றே செய்த வார்த்தை என்று முடிவு கட்டினார். "ஐயா, டிக்கெட் ரைட் நௌ!" எழுதுவதற்கும் ரைட் என்றுதான் சத்தம் வரும், ஆனால் அது வேறு சொல், எழுத்து வேறு என்று டீச்சர் விளக்கியபோது மட்டும் அவருக்கு ஏமாற்றம். "சத்தம் ஒண்ணா இருந்தா போதாதா டீச்சர்? பாவம், சேத்துக்கக் கூடாதா?" என்று அந்தச் சொல்லுக்காகப் பரிந்து பேசினார். டீச்சர் இணங்கவில்லை.

சாமிநாதனோடு ஓர் உடன்பாடும் ஏற்பட்டது. ஒவ்வொரு கூட்டுரோட்டிலும் எல்லப்பன் தெளிவாகச் சொல்வார்: "நேரா ரைட்!" வலப்பக்கம் திரும்பவேண்டிய இடத்தில், "ரைட்டுல ரைட்!" இடப்பக்கம் வந்தால், "லெஃப்டு, ரைட்!" இதைக் கேட்டுக் கடைசி சீட்டிலிருக்கும் கல்லூரிக்காரர்கள் எழுந்து நின்று கவாத்து பண்ணுவார்கள். சாமிநாதனின் மீசைக்குள்ளும் ஒரு சிரிப்பு தெரியும்.

ஒரு நாள் டீச்சர் சொன்ன அர்த்தத்துக்கு மட்டும் எந்த ஸ்டாப்பிங்கும் ஒத்து வரவில்லை.

"உரிமைன்னு ஒரு அர்த்தம் இருக்குங்க. 'அவர் ரைட்'டுன்னா அவர் சொல்றது சரின்னு அர்த்தம். 'அவருக்கு ரைட் இருக்கு'ன்னா அவருக்கு உரிமை இருக்குன்னு அர்த்தம். இருக்குன்னு சேர்த்தா மாறிடும்."

எல்லப்பன் சொல்லிப் பார்த்தார். "நானு ரைட்டு. எனக்கு ரைட்டு இருக்குது." இரண்டாவதைச் சொல்லும்போது தோள்பை கொஞ்சம் கனம் குறைந்த மாதிரி இருந்தது. "எதுக்கு டீச்சர் இருக்குது? ஒரு எக்ஸாம்பிள் சொல்லுங்க."

டீச்சர் யோசித்தார். "தொழிலாளிக்கு ஓய்வெடுக்க ரைட் இருக்கு."

"எக்ஸாம்பிளுக்குச் சொல்றீங்களா, நெசமாவே சொல்றீங்களா?"

"நெசமாத்தாங்க. பஸ் தொழிலாளிங்களுக்கு வாரத்துல ஒரு நாள் ஓய்வுன்னு சட்டமே இருக்கு. எங்கப்பா யூனியன்காரர், வேணும்னா கேட்டுட்டு வரேன்." மறுநாள் ஏறும்போதே தலையை ஆட்டினார். "இருக்காம்."

முதலாளி கஜபதியின் பஸ்ஸில் ஓய்வு நாள் என்று ஒன்றை யாரும் பார்த்ததில்லை. ஞாயிறு, தீபாவளி, கிருத்திகை எல்லாம் ஒன்றுதான். கிருத்திகை என்றால் கூடுதல் டிரிப். இவருக்கு முன்னால் இருந்த கண்டக்டர் தன் தம்பி கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, அவருடைய தோல்பை வேறொருவர் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வேறொருவர் எல்லப்பன்தான்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னார். அவர் மனைவி கெங்கம்மாள் ராட்டையில் நெசவுக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுப்பவள். தினமும் புது அர்த்தம் ஒன்றைக் கேட்டுக்கொண்டே அவருக்குச் சோறு போடுவாள். அன்று ராட்டையை நிறுத்தினாள்.

"பாவா, இத்தினி ரைட்டு கத்துகினு வந்தியே, இதான் நம்ம வூட்டுக்கு ஒதவுற மாதிரி இருக்குது. ஊரு ஒலகத்தையே மலையடியில கொண்டாந்து எறக்குற. கல்யாணம் ஆன புதுசுல ஒருவாட்டி ஏறினதுதான். என்ன எப்போதான் கூட்டிகினு போவ?"

"கேட்டா வேலை போயிடும்டி."

"கேளு. மத்ததெல்லாம் அப்பால பாத்துக்கலாம்."

மூன்று நாள் மென்று விழுங்கிவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலையில் ஷெட்டுக்குள் போனார் எல்லப்பன். கஜபதி நாற்காலியில் சாய்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு காலத்தில் தோல்பை மாட்டியவர்தான். பிறகு பஸ் வாங்கி, சட்டை வெளுத்து, குரல் தணிந்தது. கோபம் வந்தால் மட்டும் பழைய வாய் திரும்பிவிடும். சுற்றிலும் மெக்கானிக்குகளும் டிரைவர்களும் இருந்தார்கள்.

"மொதலாளி, எனக்கு ரைட்டு இருக்குதுங்க."

"ரைட்டுதான? போய் வண்டிய எடு."

"அந்த ரைட்டு இல்லீங்க."

"பின்ன இன்னா, வலது கையில வலியா?"

"அதுவும் இல்லீங்க. வாரத்துல ஒரு நாளு ஓய்வெடுக்க ரைட்டு. உரிமைங்க. 'இருக்கு'ன்னு சேத்துச் சொன்னா உரிமைன்னு அர்த்தம்."

ஷெட்டில் ஸ்பேனர் சத்தம் நின்றுவிட்டது. கஜபதி மோர்த் தம்ளரைக் கீழே வைத்தார்.

"யாரு சொன்னது?"

டீச்சர் பெயரை இழுக்க எல்லப்பனுக்கு மனம் வரவில்லை. "இங்கிலீஷ்லயே இருக்குதுங்க" என்றார்.

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். சாமிநாதன் டிரைவர் சீட்டில் இருந்தபடியே, "பட்டாளத்துலயே ஞாயித்துக்கெழம உண்டுங்க" என்றார். அது கஜபதியின் காதில் எரிகிற கொள்ளியாக விழுந்தது. எழுந்து நின்றார். முகம் சிவந்தது. கையை வாசல் பக்கம் வீசி, பழைய கண்டக்டர் தொண்டை திறந்துகொள்ளக் கத்தினார்:

"போதும்! ரைட்! ரைட்! போலாம் ரைட்!"

போடா வெளியே என்பதுதான் அதற்கு அர்த்தம். ஷெட்டில் எல்லோருக்கும் அது தெரிந்தது. எல்லப்பன் இரண்டு கைகளையும் கூப்பினார்.

"ரொம்ப சந்தோசங்க மொதலாளி. நாளன்னிக்குப் புதன்கெழமையே எடுத்துக்கறேன்."

கஜபதி வாயைத் திறந்து மூடுவதற்குள் அவர் படியில் தொற்றிக்கொண்டார். சாமிநாதன் வண்டியை எடுத்துவிட்டார்.

புதன்கிழமை எல்லப்பன் வரவில்லை. பஸ் நிலையத்தில் வண்டி நிறையக் கூட்டம். சாமிநாதன் ஸ்டியரிங்கில் கை வைத்து நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி ஓடி வந்து, "எடுய்யா வண்டிய" என்றார். "கண்டக்டர் இல்லாம எடுக்கக் கூடாதுங்க. நீங்க அவருக்கு ரைட்டுன்னு சொன்னத ஷெட்டே கேட்டுகினு இருந்துச்சுங்களே" என்றார் சாமிநாதன். பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். மொட்டைகள் ஜன்னல் வழியாகத் தலை நீட்டினார்கள். வேறு வழியில்லை. கஜபதி வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோல்பையை மாட்டினார்.

வேலையை அவர் மறக்கவில்லை, உடம்புதான் மறந்துவிட்டது. முதல் டிரிப்பில் காலை மிதித்தார்கள். இரண்டாவதில் சட்டையெல்லாம் சந்தனம். மூன்றாவதில், முருங்கைக்காய்க் கட்டுக்கு டிக்கெட் கேட்டதற்காக ஒரு கிழவர் அவருடைய பரம்பரையையே விசாரித்தார். மாலை டிரிப்பில் சுலோச்சனா டீச்சர் ஏறியபோது முதலாளி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். ரைட் சொல்ல வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. டீச்சர்தான் அவருக்காகக் குரல் கொடுத்தாராம். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரலில், "ரைட், போகலாம்" என்று. வண்டி மரியாதையாகக் கிளம்பியது.

மறுநாள் எல்லப்பன் ஷெட்டுக்குள் நுழைந்தபோது, கஜபதி கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு சுக்குக் கஷாயத்தோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆணியில் தோல்பை தொங்கியது. கையை அசைத்துக் கிட்டே கூப்பிட்டார். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"புதன்கெழமைக்கு மட்டும் பொதட்டூர்பேட்டையில இருந்து ஒரு ஆளு வருவான். மத்தவங்களுக்கும் ஆளுக்கு ஒரு நாளு பாத்து வெச்சிருக்கேன். நீ மத்த நாளு ஒழுங்கா வந்து சேரு."

"ரைட்டுங்க."

"அந்த வார்த்தைய எங்கிட்ட சொல்லாத."

பையை எடுத்து மாட்டிக்கொண்டு எல்லப்பன் வெளியே வந்தார். அன்று டிக்கெட் கொடுக்கும்போது டீச்சர் மெதுவாகக் கேட்டார்: "முதலாளி சம்மதிச்சார்னு நெசமாவே நெனச்சீங்களா?"

எல்லப்பன் பஞ்சில் விரலை ஒற்றினார். "ஒரு வார்த்தைக்கு இத்தினி அர்த்தம் இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க? அதுல நமக்கு ஒத்து வர்றத எடுத்துக்கக் கூடாதா டீச்சர்?"

இப்போது உரிமைக்கும் ஒரு ஸ்டாப்பிங் இருக்கிறது. ஷெட் வாசல். அங்கே வண்டியை வளைக்கும்போது மட்டும் எல்லப்பன் அந்தச் சொல்லைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொள்வார். சாமிநாதன் அவர் உதட்டைக் கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

இவ்வளவையும் பயணிகளிடம் நடித்துக் காட்டுகிற எல்லப்பன், அந்த முதல் புதன்கிழமை மலையில் நடந்ததை மட்டும் சொல்வதில்லை. கெங்கம்மாள்தான் சொன்னாள்.

இருவரும் விடிந்ததும் படி ஏறத் தொடங்கினார்கள். அவள் பச்சைப் புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்திருந்தாள். ஓடுகிற பஸ்ஸில் நாளெல்லாம் நிற்கிற கால்களுக்குப் படி ஒத்து வரவில்லை. பாதி மலையில் எல்லப்பன் ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். கீழே ஊர் சின்னதாகத் தெரிந்தது. பஸ் நிலையத்தில் தீப்பெட்டி மாதிரி ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலை போயிடுச்சோன்னு பாத்துகினு இருக்கியா?"

"ஆங்."

"இப்போ எறங்கி ஓடினா வண்டியப் புடிச்சிடலாமா?"

"புடிக்கலாம்" என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

பின்னால் காவடிக்காரர்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். கெங்கம்மாள் ஒரு படி ஏறி அவருக்குப் பின்பக்கமாக வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் முதுகில் உள்ளங்கையால் பட்பட்டென்று இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ரைட்!"

எல்லப்பன் எழுந்து மேலே ஏறினார்.